வெள்ளவத்தைக்குப் புறப்பட்ட போத்தல்

வெள்ளவத்தை,
18 ஆகஸ்ட் 1996

றேமண்டுக்கு,

நான் பேசாமல் இருந்தது போதும். டோரின் எனக்குத் தங்கை, உமக்கு மனைவி. நான் வாயைத் திறந்தால் முதலில் ஆடுவது அவளுடைய குடும்பம்தான் என்று இரண்டு மாதமாக அடக்கிக்கொண்டிருந்தேன். நேற்று இருளப்பனின் பெண்சாதி மயிலம்மா என் வாசலுக்கு வந்து நின்றாள். இனி அடக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். அப்படி நடக்கவில்லை என்று நீர் பிறகு சொல்லக்கூடாது.

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளன்று காலை, உமது வீட்டில் காய்ச்சிய ஜிஞ்சர் பியரில் மூன்று போத்தலை ஒரு துணிப்பையில் போட்டு, என்னிடம் சேர்க்கச் சொல்லி இருளப்பனிடம் கொடுத்தீர். கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகவும், இடைக்கிடை எங்கள் சந்திலும் வெறும் போத்தல் எடுக்கிறவன் அவன். பியர் தொழிற்சாலைப் போத்தல்களை உமக்குக் கழுவித் தந்தவனும் அவன்தான். வரும் வழியில், காலி வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் வெயிலில் இறக்கினார்கள். பையைத் திறந்து பார்க்கச் சிப்பாய் குனிந்த நேரம் ஒரு போத்தல் வெடித்தது. கண்ணாடித் துண்டு அவனுடைய கண்ணில் பாய்ந்தது. இருளப்பன் பயந்து பையைக் கீழே விட, மற்ற இரண்டும் வெடித்தன. ஜனவரியில் கோட்டையில் குண்டு வெடித்த பிறகு இந்த நகரத்தில் வெடிக்கிற எதற்கும் ஒரே பெயர்தான். அன்று அவர்கள் பிடித்துக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை.

மயிலம்மாவை உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். வரவில்லை. படியில் நின்றபடியே சொன்னாள்:

“அவரு உங்க பேரையும் சொல்லலைங்க, றேமண்டு ஐயா பேரையும் சொல்லலைங்க. குப்பையில கெடந்த போத்தலு, எடுத்தாந்தேன்னு சொல்லியிருக்காரு. பெரியவங்க தானா வந்து சொல்லுவாங்க, நம்ம காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு இருக்காரு. நீங்க எப்பங்க வருவீங்க?”

அந்தக் கேள்வி உமக்குரியது. அதனால்தான் அனுப்பிவைக்கிறேன்.

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டில் காய்ச்சிய ஜிஞ்சர் பியர் மூடியைத் தள்ளும். ஒரு பியர் போத்தலைச் சுக்குநூறாக்காது. நீர் தொழிற்சாலைத் தொட்டியின் அடியில் திரண்ட ஈஸ்ட்டை எடுத்து வந்திருக்கிறீர். எனக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருந்து நொதித்தல் என்றால் என்னவென்று உமக்கு முதலில் சொல்லித் தந்தவன் நான். ஜெர்மனிக்குப் போய்ப் படித்து வந்தவர் நீர். அது வேறு கதை.

மயிலம்மா சட்டத்தரணி ஸாலிஹைப் பிடித்திருக்கிறாள். நல்ல மனிதர். காய்ச்சினவர் நேரில் வந்து, இது என் கையால் அடைத்தது, இது இப்படித்தான் வெடிக்கும் என்று சொன்னால் வழக்கு நிற்காது என்கிறார். போய்ச் சொல்லும்.

வலன்ரைன் பெர்னாண்டோ, பீ.எஸ்ஸி.


கொட்டாஞ்சேனை,
25.8.96

மச்சான்,

உன் கடிதம் வந்தது. அதைத் தபாலில் போட்டிருக்கிறாயே, உனக்கு என்ன பிடித்திருக்கிறது? உறை ஒட்டின இடம் சுருங்கிக் கிடந்தது. மழையில் நனைந்ததா, யாரும் திறந்து பார்த்து ஒட்டினார்களா, தெரியாது. தபால்காரன் சைக்கிளை நிறுத்தினாலே இப்போது டோரின் யன்னலைச் சாத்துகிறாள். இனி எழுதினால் அவள் சனிக்கிழமை வரும்போது கையில் கொடு.

போய்ச் சொல்லும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். நான் இருக்கிற இடத்தில் இருந்து பார். தெஹிவளையில் ரயிலுக்குக் குண்டு வைத்த பிறகு, நொதிக்கும் அறையில் நான் ஒருவன்தான் தமிழன். காலையில் கேற்றில் என் சோற்றுப் பார்சலைக் கரண்டியால் கிளறுகிறார்கள். என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன், என் கல்யாணத்துக்கு வந்து பைலா ஆடினவன், போன கிழமை தொட்டிக்குப் பக்கத்தில் நான் நின்றபோது சிங்களத்தில், அண்ணன் முறை சொல்லிக் கேட்டான்: “றேமண்ட் அய்யே, இதுக்குள்ள ஒண்டும் கலக்கேல்லைத்தானே?” சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்தேன். அந்தத் தொட்டியில் இருப்பதை முழுக் கொழும்பும் குடிக்கிறது. பேலியகொடை மீன்காரன் முதல் ஹோட்டலில் கழுத்துப்பட்டி கட்டினவன் வரைக்கும். அதைத் தொடுகிற தமிழன், தொழிற்சாலையில் இருந்து ஈஸ்ட்டைத் தேநீர் பிளாஸ்க்கில் கடத்திக்கொண்டு போய், போத்தலில் அடைத்து, அது வெடித்து ஒரு சிப்பாய்க்குக் கண் போனது என்று தானே போய்ச் சொன்னால், வேலை மட்டுமா போகும்? அடுத்ததாக யாருக்காவது பியர் குடித்து வயிற்றோட்டம் வந்தால் அதுவும் என் தலையில்தான்.

இங்கே எந்த வீட்டில் காய்ச்சவில்லை? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் தவறணையில் முட்டை உடைத்து ஊற்றின ஸ்டவுட் குடிப்பான். திருநாள் வந்தால் அவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு இஞ்சியும் தேசிக்காயும் முந்திரிகை வத்தலும் போட்ட பானை கட்டிலுக்குக் கீழே இருக்கும். அடைத்து, மூடி அடித்து, சொந்தக்காரருக்கு அனுப்புவார்கள். நானும் அனுப்பினேன். அவ்வளவுதான்.

மயிலம்மாவுக்கு டோரின் அரிசியும் பருப்பும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நான் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. நான் லஞ்சம் கொடுத்து ஜெர்மனிக்குப் போனதாக முன்பு தொழிற்சாலைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நல்ல ஆங்கிலம். யார் எழுதினது என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

றேமண்ட்


வெள்ளவத்தை,
2 செப்டெம்பர் 1996

றேமண்டுக்கு,

கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கேட்டிருக்கிறீர். பதில் சொல்கிறேன். நான் எழுதுகிற ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் என் பெயரும் பட்டமும் இருக்கும். உம்மைப் பற்றி முகாமையாளருக்கு எழுத வேண்டும் என்று நான் நினைத்திருந்தால் கையெழுத்து வைத்துத்தான் எழுதியிருப்பேன். மொட்டைக் கடிதம் எழுதுவது ஈனத் தொழில். இந்த நகரத்தில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளை மொட்டைக் கடிதம் உள்ளே தள்ளியிருக்கிறது என்று உமக்கும் தெரியும்.

ஜெர்மனிப் பயிற்சிக்கு இரண்டு பெயர்கள் போயின. என் பெயர் மேலே இருந்தது. முகாமையாளரோடு கிளப்பில் இருந்து குடிக்க எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். நான் வேலையை விட்டுவிட்டு வந்து, இந்தச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையில் உயர்தர மாணவருக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். அதைப் பற்றி நான் யாரிடமும் முறையிட்டதில்லை.

இருளப்பன் விடயத்துக்கு வருகிறேன். சிங்களத்தில் எழுதிய ஒரு வாக்குமூலத்தில் அவனிடம் பெருவிரல் அடையாளம் வாங்கியிருக்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஸாலிஹ் வாசித்துப் பார்த்துவிட்டு மயிலம்மாவிடம் சொல்லவில்லையாம். சொல்லாமல் விட்டதிலிருந்தே அவள் விளங்கிக்கொண்டாள். அவனைப் பார்க்கப் போனபோது அவன் என்ன கேட்டான் தெரியுமா?

“அந்தப் பையனுக்குக் கண்ணு நல்லாயிருச்சான்னு கேட்டாருங்க. எனக்கு என்னாங்க தெரியும்? நல்லாயிருச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்.”

நொதிக்கும் அறையில் குளிர் அரைப் பாகை குறைந்தாலும் ஆட்களை எழுப்பி ஓடவைக்கிற நீர், ஜூன் மாத மின்வெட்டில், பாதி நாள் செத்துக் கிடந்த வீட்டு பிரிட்ஜை நம்பி உயிருள்ள ஈஸ்ட்டை மூடி அடித்து வைத்திருக்கிறீர். ஒரு முதலாம் வருட மாணவன் செய்தால் அவனைக் கொட்டகையை விட்டு வெளியேற்றுவேன். ஏன் அப்படிச் செய்தீர் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வலன்ரைன் பெர்னாண்டோ, பீ.எஸ்ஸி.


கொட்டாஞ்சேனை,
21.9.96
(டோரின் கையில்)

மச்சான்,

ஏன் செய்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன்.

போன வருசத் திருநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நற்கருணை ஆசீர் முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தோம். பாதர் இருந்தார். என் தொழிற்சாலை ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நான் ஜிஞ்சர் பியரை உடைத்து முதல் கிளாஸை உன்னிடம் தந்தேன், மூத்த மச்சான் என்று. நீ ஒரு வாய் குடித்தாய். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாய்:

“இது சவர்க்காரம் கழுவின தண்ணியெல்லோ. ஜெர்மனியில வாயு ஏத்தப் படிப்பிக்கேல்லையோ?”

எல்லோரும் சிரித்தார்கள். பாதரும் சிரித்தார். என் பிள்ளைகளும். நான் பியர் காய்ச்சிச் சாப்பிடுகிறவன், வலன்ரைன். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

இந்த வருசம் காய்ச்சினதில் எல்லாப் போத்தலுக்கும் ரொட்டி ஈஸ்ட்தான் போட்டேன். பிள்ளைகள் குடித்தார்கள், பக்கத்து வீடுகளுக்குப் போனது, ஒன்றும் நடக்கவில்லை. மூன்று போத்தலுக்கு மட்டும் தொழிற்சாலை ஈஸ்ட், ஒரு பிடி சீனியும் கூட. அந்த மூன்றும் உனக்கு. நீ மூடியைத் திறந்தால் நுரை உன் வீட்டுக் கூரையில் அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். மின்வெட்டை நான் யோசிக்காமல் இல்லை. அன்று காலை போத்தலைத் தொட்டுப் பார்த்தேன், குளிர் இல்லை. இருந்தாலும் போகட்டும் என்று கொடுத்தேன். உன் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கிக்கொண்டு போகிறவனை நினைக்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் போத்தல் வெள்ளவத்தைக்குத்தான் வந்தது. உன் வீட்டுக்கு, உன் பெயருக்கு. நீயும் போய்ச் சொல்லலாமே. எனக்காகத் திருநாளுக்கு அனுப்பினது, குண்டு இல்லை என்று. உனக்கு இரசாயனமும் தெரியும், இங்கிலீசும் தெரியும், பறிபோக ஒரு வேலையும் இல்லை. உன் சொல்லை ஒரு நீதவான் என் சொல்லைவிட நம்புவார். மயிலம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேட்டாள். அதை நீ எனக்கு மட்டும் திருப்பி எழுதியிருக்கிறாய்.

ஏன் நீ போகவில்லை?

றேமண்ட்


வெள்ளவத்தை,
6 ஒக்டோபர் 1996

றேமண்டுக்கு,

நீர் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பதில் எழுதுகிறேன்.

வின்சன்றுக்கு இருபத்திரண்டு வயது. அவன் தாய் போன பிறகு எனக்கு இருக்கிறது அவன் ஒருவன். கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று டோரின் சொல்லியிருப்பாள். எல்லாம் சரிவந்துவிட்டது. பொலிஸ் நற்சான்று ஒன்றுதான் மிச்சம். இந்த நேரத்தில் நான் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய், வெடித்த போத்தல் என் வீட்டு விலாசத்துக்கு வந்தது என்று சொன்னால் என்ன நடக்கும்? முதலில் வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். ஏற்கனவே மாதம் இரண்டு தடவை வந்து கட்டிலுக்குக் கீழே பார்க்கிறார்கள். கதவு தட்டும் முன்னரே பையன் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கப் பழகிவிட்டான்.

நீர் காய்ச்சினவர். நீர் அடைத்தவர். சூடாக இருக்கிறது என்று தெரிந்தும் கொடுத்து அனுப்பினவர். நான் அதைக் குடிக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

உமது மேசையில் நான் சொன்னது ஒரு பகிடி. அதை ஒரு வருடமாக நெஞ்சில் வைத்திருந்து பழி தீர்ப்பார் என்று யார் கண்டது?

வலன்ரைன் பெர்னாண்டோ


கொட்டாஞ்சேனை,
24.11.96

மச்சான்,

பழியை நெஞ்சில் வைத்திருப்பதைப் பற்றி நீ எழுதின இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன். டோரின் இனி உன் வீட்டுக்கு வரமாட்டாள். என்னோடும் அளவாகத்தான் கதைக்கிறாள். போன கிழமை மயிலம்மாவோடு களுத்துறைச் சிறைக்குப் போய் இருளப்பனைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் உடுப்பு மாற்றவில்லை. குசினிக்குள் போய், நான் மூடி அடிக்கிற கைமெஷினை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் கல்லில் போட்டு அடித்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு என்று வாங்கி வைத்த இஞ்சியைக் குப்பையில் கொட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“நீங்களும் அண்ணாவும் ஆர் வெல்லுறது எண்டு பாக்கிறியளோ? அந்த மனிசன் கம்பிக்குள்ள நிண்டுகொண்டு ‘ஐயாமாரு சுகமாங்க’ எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?”

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“ஓம், சுகம் எண்டு சொன்னனான்.”

அவனுக்குப் பல் இரண்டு இல்லை என்றாள். முன்பு இருந்தது எனக்குத் தெரியும். போத்தல் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து காட்டி என் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கிறவன்.

நான் போகப்போகிறேன். ஸாலிஹிடம் போய்க் கதைத்துவிட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: காய்ச்சினவன் தனியே வந்து சொன்னால், இவனும் கூட்டாளி என்று இரண்டு பேரையும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எங்கே அனுப்பினாய், யாருக்கு என்று கேட்பார்கள். அதற்கு ஆள் வேண்டும். அனுப்பினவனும் வாங்க இருந்தவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, இது மச்சான் மச்சானுக்கு அனுப்பின திருநாள் சாமான் என்று சொன்னால், அது குடும்பக் கதை ஆகிவிடும். நீதவானும் வீட்டில் மச்சான் உள்ளவர்தானே என்றார்.

டிசெம்பர் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, வழக்கு எடுக்கிறார்கள். காலையில் நான் புதுக்கடையில் ஸாலிஹின் கந்தோர் வாசலில் நிற்பேன். வேலை போகும். அதற்கு மேலே என்ன போகும் என்று தெரியாது. தொழிற்சாலையில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. நேற்றும் தொட்டியை எட்டிப் பார்த்தேன், நுரை நல்லாக எழும்பியிருந்தது.

ஜெர்மனிக்கு உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது உன்னை வரவைக்கச் சொல்கிறேன் என்று நினைப்பாய். ஓம், அதற்கும்தான்.

வா மச்சான்.

றேமண்ட்


வெள்ளவத்தை,
5 டிசெம்பர் 1996

மச்சான்,

உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

வின்சன்றுக்கு நற்சான்று கிடைத்துவிட்டது. விசாவும் குத்தியாகிவிட்டது. இருபதாம் திகதி விமானம். பத்தாம் திகதிக்கும் இருபதாம் திகதிக்கும் இடையில் என் வீட்டுக் கதவு தட்டப்படக் கூடாது. நீ ஒரு தகப்பன், உனக்கு விளங்கும். விளங்காவிட்டாலும் நான் செய்ய வேறு ஒன்றும் இல்லை. இருபதுக்குப் பிறகு வழக்கு எடுத்தால் வருவேன் என்று எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அப்போதும் ஒரு காரணம் இருக்கும். அவன் போய்ச் சேர வேண்டும், வேலை எடுக்க வேண்டும், என்னைக் கூப்பிட வேண்டும். என்னை எனக்குத் தெரியும்.

முந்தநாள் மயிலம்மா எங்கள் சந்தால் போனாள். இம்முறை என்னைத் தேடி வரவில்லை. முதுகில் சாக்கு. அவன் எடுத்த தொழிலை அவள் எடுத்திருக்கிறாள். கொட்டாஞ்சேனையில் வீடுகள் போதவில்லை போலிருக்கிறது. “போத்தல், போத்தல்” என்று கூப்பிட்டாள். அவன் இழுத்துக் கூப்பிடுவான், இவளுக்குக் குரல் எழும்பவில்லை. என் குசினிக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய வெறும் போத்தல் கிடக்கிறது. ஆறு மாதமாக எடுக்க ஆள் இல்லை. நான் யன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு, அவள் சந்து முனை திரும்பும் வரைக்கும் நின்றேன். வின்சன்ற் எழும்பி வந்து, “அப்பா, போத்தல்காரரை விட்டிட்டாங்களோ?” என்று கேட்டான். இல்லை, இது வேறு ஆள் என்று சொன்னேன்.

நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. ஸாலிஹுக்கு ஒரு அறிக்கை தயார்செய்திருக்கிறேன். ஒரு கிழமை இருந்து எழுதினேன். ஆங்கிலத்தில், தட்டச்சில், மூன்று பக்கம். ஈஸ்ட் எப்படிச் சீனியைத் தின்று வாயுவை விடுகிறது, குளிரில் எப்படி உறங்குகிறது, மின்வெட்டில் பிரிட்ஜ் சூடாகினால் அடைத்த போத்தலுக்குள் என்ன நடக்கிறது, பழைய போத்தல் கண்ணாடி எவ்வளவு தாங்கும், வெயிலில் நின்ற பஸ்ஸில் அது ஏன் தாங்காது, எல்லாம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் திருநாளுக்கு வீடுகளில் காய்ச்சுகிற வழக்கமும் இருக்கிறது. ஒரு நீதவான் வாசித்தால் இதில் குண்டு எங்கே என்று கேட்பார். ஜெர்மனியில் இருந்து வந்தவனாலும் இதைவிட நன்றாக எழுத முடியாது.

உன் பெயரை நான் எழுதவில்லை. அதை நீ செவ்வாய்க்கிழமை உன் வாயாலேயே சொல்வாய். நீ சொல்வாய் என்று எனக்குத் தெரியும். யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டால் என் விலாசத்தைச் சொல்லவேண்டி வரும். இருபதாம் திகதி வரைக்கும் சொல்லாமல் இருக்க முடியுமா என்று உன்னைக் கேட்கிறேன். இருளப்பன் ஆறு மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

கடைசிப் பந்தியில், அந்த மூன்று போத்தலும் எனக்குத்தான் வந்தன, நான்தான் அவற்றை எதிர்பார்த்திருந்தேன் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்த “நான்” யார் என்று மூன்று பக்கத்திலும் எங்கேயும் இல்லை.

பெயரில்லாத காகிதத்தை நீதிமன்றம் கையில் எடுக்காது. ஸாலிஹ் அதை மயிலம்மாவிடமே சொல்லியிருக்கிறார். எனக்கும் தெரியும். அடியில் பெயருக்கு இடம் விட்டுத்தான் தட்டச்சு செய்தேன். பேனாவைத் திறந்து அந்த இடத்தில் வைத்தேன். மை ஒரு புள்ளியாக ஊறியது. அடுத்த அறையில் பையன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான், கம்பளிச் சட்டை கொள்ளவில்லை என்று பெட்டிக்கு மேல் ஏறி இருந்து பூட்டுகிற சத்தம் கேட்டது. பேனாவை மூடினேன்.

முத்திரை ஒட்டியாயிற்று. உனக்கு எழுதுகிற இதிலும் பெயர் போடவில்லை, என் எழுத்து உனக்குத் தெரியும். இரண்டையும் இப்படியே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.